கையைத் தொடாமல் கைக்கு வைத்தியமா?

கேள்வி: எனக்கு வயது 58. பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. தோளும் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கிறது, கொண்டை போடக் கை எட்டவில்லை. சர்க்கரை வேறு பத்து வருடமாக இருக்கிறது. பிசியோதெரபி கிளினிக் அண்ணா நகரில். போக வர ஆட்டோவுக்கு ஆகிற காசு அவர்கள் வாங்கும் ஃபீஸைவிட அதிகம். பெங்களூரில் இருக்கும் மகள், "வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம், நான் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறாள். என் வீட்டுக்காரரோ, "கையைத் தொடாமல் கைக்கு என்ன வைத்தியம்? போனில் கரண்ட் வைக்க முடியுமா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டு அம்மா, எண்ணெய் போட்டு நீவி இழுத்து விடுகிற ஒருவரைச் சொல்கிறார். இப்போதைக்கு ஸ்பான்ஜ் பந்து வாங்கி அமுக்கிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, கொரட்டூர்

பதில்:

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டது குதர்க்கம் இல்லை. பிசியோதெரபி செய்யும் எங்கள் தொழிலில் பாதி, தொட்டுப் பார்த்து அறிவதுதான். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டில் ஏற்படும் இந்த முறிவை 1814-இல் விவரித்து எழுதியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர். உங்கள் சீட்டிலேயே 'காலிஸ் ஃப்ராக்சர்' என்று எழுதியிருந்தாலும் இருக்கும். எக்ஸ்ரே வந்தது 1895-இல். அதற்கு எண்பது வருடம் முன்னால், படம் எதுவும் இல்லாமல், கண்ணாலும் விரலாலும் மட்டுமே அவர் அதைக் கண்டுபிடித்தார். அதனால் தொடாமல் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் இப்போது இருக்கிற கட்டம் வேறு. எலும்பை நேராக்குவது, கட்டுப் போடுவது எல்லாம் முடிந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது, ஆறு வாரம் சும்மா இருந்து இறுகிப்போன மூட்டுகளையும் தசைநார்களையும் மறுபடி ஓட வைக்கிற வேலை. அதில் என் பங்கு வாரத்துக்கு அரை மணி நேரம் இருந்தால் அதிகம், மீதி முழுக்க உங்கள் பங்கு. நீங்கள் வீட்டில் செய்வது சரியா தப்பா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைப் போனில் நன்றாகவே செய்யலாம். ஆகவே என் பதில்: முதல் தடவை நேரில் போங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலானவற்றை வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

முதல் தடவை ஏன் நேரில் என்றால், சில விஷயங்கள் கேமராவுக்குப் பிடிபடாது. உங்கள் நடுவிரலை நான் பிடித்து மெல்ல மடக்கும்போது அது ஓர் இடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதை வீடியோவிலும் பார்த்துவிடலாம். எப்படி நிற்கிறது என்பது என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தொய்வு கொடுத்து நின்றால் பயிற்சியில் சீக்கிரம் இளகும். சுவரில் முட்டியதுபோல் நின்றால் அந்த மூட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும், சில சமயம் இரவில் மாட்டிக்கொள்ள, விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்று செய்ய வேண்டிவரும். கையின் சூடு, அமுக்கினால் குழி விழுகிற வீக்கம், விரல் நுனியில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாமும் தொட்டால்தான் தெரியும். பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பதால் உணர்ச்சிச் சோதனையை உங்களுக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். போகும்போது கட்டுப் பிரித்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயையும், எலும்பு கூடிவிட்டது, பயிற்சி தொடங்கலாம் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் உங்கள் கையை வளைக்க அனுமதிக்காதீர்கள்.

அந்த ஒரு தடவைக்கு அண்ணா நகர்தான் போக வேண்டும் என்றில்லை. கைக்கென்றே தனிப் பிரிவு நம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய பிரிவு அது. மெஷினில் விரல் போனவர்கள், நரம்பு வெட்டுப்பட்டவர்கள் என்று தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். ஆனால் கையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள், காசும் கிடையாது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உண்டு. தனியாரிடம்தான் போவீர்கள் என்றால் வீட்டுப் பக்கத்திலேயே பாருங்கள். ஆனால் "கை கேஸ் அடிக்கடி பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். முதுகுவலி, முழங்கால் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு விரல் மூட்டு கொஞ்சம் அந்நியம்தான்.

இனி கரண்ட் விஷயம். பிசியோ என்றாலே கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. அதற்கு எங்கள் ஆட்களும் ஒரு காரணம். மெஷினை மாட்டிவிட்டு அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கப் போவது சுலபம், பேஷன்ட்டுக்கும் ஏதோ நடந்த திருப்தி. வலியைக் கொஞ்ச நேரம் குறைக்க அது உதவலாம். மெழுகு ஒத்தடமும் அப்படித்தான், இறுகிய விரலைச் சற்று இளக்கிக் கொடுக்கும். இறுகிய மூட்டைக் கரண்ட் மடக்காது. நீங்கள்தான் மடக்க வேண்டும். போனில் கரண்ட் வைக்க முடியாததால் நீங்கள் இழப்பது சொற்பம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

வீடியோவில் கிடைத்து, கிளினிக்கில் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீடு எனக்குத் தெரிகிறது. கிளினிக்கில் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்து காட்டுவார்கள். வீட்டில் அருவாமனை முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவை வீடியோவில் பார்க்கும்போதுதான், இடது கை எல்லா வேலையும் செய்ய, அடிபட்ட கை முந்தானைக்குள் சுருண்டு மடியில் கிடப்பது தெரியும். கட்டுப் பிரித்த பிறகும், கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஆர்ம் பவுச் மாட்டியதுபோலவே முழங்கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்கிற பழக்கம் போவதில்லை. தோள் பிடித்துக்கொள்ள முக்கியக் காரணமே இதுதான். பத்து நிமிஷம் பயிற்சி செய்துவிட்டு மீதி நாள் முழுக்கக் கையை ஒளித்து வைத்தால் பயிற்சிக்குப் பலன் இருக்காது. இப்படிப் பார்க்கும்போது நான் புதுப் பயிற்சி எதுவும் சொல்வதில்லை. "நறுக்குகிற தட்டின் ஓரத்தையாவது அந்தக் கை பிடித்துக்கொள்ளட்டும்" என்பேன். மாத்திரை அட்டையை அந்தக் கையால் பிரியுங்கள், துணி மடியுங்கள், பருப்பில் கல் பொறுக்குங்கள், பூ கட்டுங்கள். பூ கட்டுவதைவிட நல்ல விரல் பயிற்சியை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

வீடியோ காலுக்கு உட்காரும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதி நேரம் இதிலேயே வீணாகிறது. பேசும்போது எல்லாரும் முகத்தைக் காட்டுவார்கள். எனக்கு உங்கள் முகம் இரண்டு நிமிஷம் போதும், பிறகு கை வேண்டும். போனைக் கையில் பிடிக்காதீர்கள், யாரையும் பிடிக்கவும் சொல்லாதீர்கள், ஆடும். மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்துப் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எனக்கு இருட்டு உருவம்தான் தெரியும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். வளையல், வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோதிரம் கழலவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். வீக்கம் எவ்வளவு என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

விரல் மடக்குவதைக் காட்டும்போது உள்ளங்கையை நேராகக் கேமராவுக்குக் காட்டினால் பிரயோஜனம் இல்லை. கட்டைவிரல் பக்கம் கேமராவைப் பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் வையுங்கள். அப்போதுதான் விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிறதா, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். மணிக்கட்டுக்கும் பக்கவாட்டுதான். தோளுக்கு எதிர்ப்பக்கம், எனக்கு முதுகு தெரிய வேண்டும். கையைத் தூக்கும்போது மூட்டு தூக்குகிறதா, தோள்பட்டையைக் காதுவரை ஏற்றிச் சமாளிக்கிறீர்களா என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். எப்போதும் நல்ல கையை முதலில் செய்து காட்டுங்கள், பிறகு இந்தக் கை. உங்கள் திரையில் இடது வலது மாறித் தெரியும். குழம்ப வேண்டாம், எங்கள் பக்கம் சரியாகவே தெரியும்.

உடை பற்றிப் பெண்கள் கேட்கத் தயங்குவார்கள். தோள் பார்க்கப் புடவையைவிடத் தளர்ந்த அரைக்கை நைட்டி வசதி. வேண்டுமானால் மேலே துப்பட்டா போட்டுக்கொண்டு, பார்க்க வேண்டிய பக்கம் மட்டும் நகர்த்திக் காட்டலாம். பெண் பிசியோ வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். வீடியோ கால் தொடங்கும்போதே, "இது ரெக்கார்ட் ஆகிறதா?" என்று கேளுங்கள். உங்களைக் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது. மகள் பெங்களூரிலிருந்தே அதே வீடியோ காலில் சேர்ந்துகொள்ளலாம். சொன்னதை எழுதி உங்களுக்கு அனுப்புவது அவள் வேலையாக இருக்கட்டும். "ஏம்மா ஒழுங்கா செய்ய மாட்டேங்கிற" என்று நடுவில் திட்டுவது மட்டும் வேண்டாம். வலிக்கிறது என்று சொல்லவே பிறகு உங்களுக்குப் பயம் வந்துவிடும்.

ஓர் அளவு வைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிறேன். இது போன் வழி வைத்தியத்துக்கு மிக முக்கியம். கைரேகை பார்ப்பவர்கள் இருதய ரேகை என்பார்களே, விரல்களுக்குக் கீழே உள்ளங்கையில் குறுக்கே ஓடும் முதல் கோடு, அதுதான் குறி. நான்கு விரல்களையும் முடிந்தவரை மடக்குங்கள். நடுவிரல் நுனிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து வீட்டுக்காரரை அளக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், காலண்டரிலேயே குறித்துவிடுங்கள். மாலையில் அளந்தால் மாலையிலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் காலையில் எல்லாருக்கும் விரல் இறுக்கமாகத்தான் இருக்கும். வீக்கத்துக்கு ஒரு நூல் போதும். நடுவிரலின் நடு மூட்டைச் சுற்றி, இறுக்காமல், நூல் முனைகள் சேரும் இடத்தில் பேனாவால் குறித்துப் பிரித்து ஸ்கேலில் வையுங்கள். "பரவாயில்லை, கொஞ்சம் தேவலை" என்று கேட்பதைவிட "நாலு சென்டிமீட்டர் மூன்றாச்சு" என்று கேட்டால் எனக்கு வேலை நடக்கும். வாட்ஸ்அப்பில் பக்கவாட்டுப் போட்டோவும் எடுத்து வையுங்கள். படத்தை வைத்தே கோணம் அளந்துவிடலாம்.

பயிற்சியை நேரில் பார்க்கிறவர்தான் உங்களுக்கென்று எழுதித் தர வேண்டும். ஆனாலும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது ஓரளவு தெரியும். விரலை மூன்று விதமாக மடக்கச் சொல்வார். முதலில் கொக்கி மாதிரி, அடி மூட்டு நேராக இருக்க மேல் இரண்டு மூட்டு மட்டும். அடுத்து முழு முஷ்டி. அடுத்து அடி மூட்டையும் நடு மூட்டையும் மட்டும் மடக்கி, நுனி மூட்டு நேராக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுதாக விரித்துவிட வேண்டும். மடக்கும் தசைநார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே வழுக்கி ஓட இந்த மூன்றும் வேண்டும். அடுத்தது உள்ளங்கையைத் திருப்புவது. முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, சாம்பார் கரண்டியை நட்டுக்குத்தாக நடுவில் பிடித்து, மெல்ல உள்பக்கம் சாய்த்து, மெல்ல வெளிப்பக்கம் சாயுங்கள். முழங்கை இடுப்பைவிட்டு விலகினால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். இடுக்கில் ஒரு துண்டை வைத்துக்கொண்டால் விலகும்போது அது விழுந்து காட்டிக்கொடுக்கும். வீடியோவில் நான் முதலில் பார்ப்பதே அந்தத் துண்டைத்தான். உள்ளங்கை மேலே பார்க்கும்படி திரும்பினால்தான் கையில் சாதம் வாங்க முடியும், காசு வாங்க முடியும். கடைசியில் திரும்பி வருவதும் இந்த அசைவுதான், பொறுமை வேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போதும். செய்யும்போது கொஞ்சம் இழுத்து வலிப்பது சகஜம், அரை மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலை விரல் முன்னைவிட வீங்கியிருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டீர்கள். பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் கையை வைக்கலாம், ஆனால் சூட்டை இடது கையால் சோதித்துவிட்டு. சர்க்கரையில் உணர்ச்சி குறைந்த கை சுட்டுக்கொண்டாலும் தெரியாது.

ஸ்பான்ஜ் பந்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மாவுக்கட்டு பிரித்த எல்லார் வீட்டிலும் அந்தப் பந்து இருக்கிறது, யார் முதலில் ஆரம்பித்து வைத்தார்களோ! விரல் முழுதாக மடங்காதபோது பந்தை அமுக்கினால், பாதி மடங்கிய நிலையிலேயே பலம் ஏறுகிறது. மீதிப் பாதி மடங்குவதற்கு அந்தப் பந்தே நடுவில் தடை. வீக்கமும் கூடும். முதலில் அசைவு, அது வந்த பிறகுதான் பலம். பலத்துக்கு எலும்பு டாக்டர் சரி என்ற பிறகு, சப்பாத்தி மாவு பிசைவதே போதும். அதுவரை துணி பிழிவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, தரையில் கையூன்றி எழுவது மூன்றும் அந்தக் கைக்கு வேண்டாம்.

எண்ணெய் போட்டு நீவி இழுத்து விடுவது வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயை நீங்களே மெதுவாகத் தடவிக்கொள்வதில் தோஷமில்லை, மாவுக்கட்டுக்குள் காய்ந்த தோலுக்கு அது நல்லதுதான். நான் பயப்படுவது "இழுத்து விடுவ"தைத்தான். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு சிலருக்கு நரம்பு மண்டலமே மிகையாகத் தூண்டப்பட்டு, காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் எரிச்சலும் வலியும் வரும். கை சிவந்தும் நீலம் பாரித்தும் நிறம் மாறும், தோல் பளபளக்கும், அந்தக் கை மட்டும் வியர்க்கும், மேலே துணி பட்டாலே துடிப்பார்கள். சி.ஆர்.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அந்த நிலையில் இருக்கும் கையை ஒருவர் பலவந்தமாக இழுத்தால் வலி இன்னும் மோசமாகும், கையைத் தொடவே விடமாட்டீர்கள். இந்த அறிகுறிகள் இப்போதே இருந்தால் வீடியோ, பயிற்சி எதற்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் பிடித்தால் அடக்கலாம்.

இன்னும் ஒரு சோதனை, இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கையை மேஜையில் பரத்தி வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். தூக்க முடிந்தால் நல்லது. நேற்றுவரை தூக்கி இன்று திடீரென்று தூக்க முடியவில்லை என்றால், கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநார் அறுந்திருக்கலாம். மணிக்கட்டு எலும்பு முறிந்த இடத்தின் மேலேயே அது ஓடுவதால், விலகாத சாதாரண முறிவிலும் சில வாரம் கழித்து உராய்ந்து அறுவதுண்டு. பெரிதாக வலிக்காது, அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. இதற்கு அறுவை மருத்துவர்தான் வேண்டும். அதேபோல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்து எழுப்பிவிட்டால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

தோளுக்கு வருகிறேன். ஆறு வாரம் அசையாததால் வந்த இறுக்கமா, தோள் மூட்டின் உறையே இறுகிப்போகிற, சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருகிற ஃப்ரோசன் ஷோல்டரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல்படி வீட்டிலேயே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கை இரண்டையும் வெளிப்பக்கம் திறங்கள். இடது கை எவ்வளவு திறக்கிறதோ அதில் பாதிகூட வலது திறக்கவில்லை, இடது கையில் ஒரு குடைக் கம்பைப் பிடித்துத் தள்ளினாலும் போகவில்லை என்றால், ஃப்ரோசன் ஷோல்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் வலி கூடும் கட்டம், பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம், பிறகு மெல்ல இளகும் கட்டம் என்று ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் விரலை ஏற்றினால் வலிதான் மிஞ்சும். குனிந்து கையைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டுவது, படுத்துக்கொண்டு நல்ல கையின் துணையோடு தூக்குவது, இவை போதும். வலி தாங்கவில்லை என்றால் மூட்டுக்குள் ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி என்பதால் போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், சர்க்கரை டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. கொரட்டூர் அம்மாவுக்கு வீடியோ பொருந்துகிறது என்பதற்காக எல்லாக் கைக்கும் பொருந்தாது. தசைநார் வெட்டுப்பட்டுத் தைத்தவர்களுக்கு முதல் ஆறு வாரம் மிக அபாயமான காலம். ஒரு தப்பான பிடி பிடித்தால் தையல் அறுந்துவிடும். ஸ்ப்ளின்ட்டும் அவரவர் கைக்கு அளவெடுத்துத்தான் செய்ய முடியும். அவர்கள் நேரில்தான் போக வேண்டும். பக்கவாதத்தில் தோள் தளர்ந்தவர்களுக்கும் ஆரம்பத்தில் நேரில் பார்ப்பதே நல்லது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது என்பதை வீட்டார் கையோடு கை வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இடது தோளும் கையும் திடீரென வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் பிசியோவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது படிப்பைக் கேளுங்கள். பிசியோ என்றால் பி.பி.டி. அல்லது எம்.பி.டி., அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்றால் பி.ஓ.டி. இருக்க வேண்டும். கை விஷயத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள், பலருக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. டாக்டர்கள் போன் வழியாகப் பார்ப்பதற்கு மத்திய அரசு 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், விதிமுறைகள் வெளியிட்டது. அதன்படி மருந்து எழுதுவது பதிவுபெற்ற டாக்டர் வேலை. பிசியோ வீடியோவில் மாத்திரை பெயர் சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள். "30 செஷன் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்பவர்களிடமும், இத்தனை நாளில் முழுசா குணம் என்று தேதி குறிப்பவர்களிடமும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். ஒவ்வொரு தடவையாகக் கட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு வீடியோ, மாதக் கடைசியில் ஒரு தடவை நேரில், அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு வீடியோ என்று போனால் செலவும் கையைக் கடிக்காது. மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் காலண்டரில் குறித்த சென்டிமீட்டர் அசையவே இல்லை என்றால் மாதக் கடைசிவரை காத்திருக்காமல் நேரில் போங்கள். பெரும்பாலோருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அன்றாட வேலைக்குக் கை வந்துவிடும், பிடிப்பின் பலம் ஒரு வருடம் வரைகூடக் கூடிக்கொண்டே போகும்.

வெளியே போகவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்து 58 வயதில் மணிக்கட்டு முறிந்தது என்றால் பாத்ரூம் தரையை மட்டும் குறை சொல்ல முடியாது, எலும்பு மெலிந்திருக்கலாம். இப்படி மணிக்கட்டு முறிந்த பெண்களுக்குப் பின்னால் இடுப்பு எலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். எலும்பு டாக்டரிடம் போகும்போது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் எடுக்கலாமா என்று நீங்களாகவே கேளுங்கள், கூட்டத்தில் அவர்கள் மறந்துவிடுவதுண்டு. பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியை வீட்டுக்காரரை இந்த வாரமே அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் வலது கை இன்னும் தயாராகாததால், இடது கைக்கு எட்டும் பக்கத்தில்.